வெண்டைக்காய் விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில், செடிக்கும் கொடிக்கும்கூட வாய் இருந்தபோது, ஒரு தோட்டத்தில் கீரியைத் துரத்துவதற்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். கௌதாரியின் ஆறு முட்டைகளைக் காணோம். கீரிதான் தின்றது என்று பேச்சு. உண்மையில் தின்றது சாரைப்பாம்பு. கீரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது, யாரும் நம்பவில்லை. அதன் மூன்று குட்டிகளும் இன்னும் கண் திறக்கவில்லை. வெளியே போனால் பருந்துக்குத்தான் இரை.

பார்த்த சாட்சி வெண்டைக்காய் மட்டும்தான். முட்டைகள் இருந்தது அதன் காலடியில். அப்போதெல்லாம் வெண்டைக்காய் உள்ளே காய்ந்து, ஆட்டினால் விதை சலசலக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் பூசணிக்காய். நகர முடியாதவர் என்பதால் கிடைத்த பதவி.

"கீரியா, சாரையா? ஒரே வார்த்தைல சொல்லு" என்றார்.

வெண்டை வாயைத் திறந்தது. சாரை வேலியோரம் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு நுனிவரை வந்த சொல்லை வெண்டை விழுங்கிவிட்டது.

"நீளமா இருந்துச்சு தலைவரே. கீரியக்காவும் நீளம். சாரையண்ணனும் நீளந்தான். ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க."

"இது பேசுதா, வழுக்குதா?" என்றது கத்தரிக்காய். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தீர்ப்பு கீரிக்கு எதிராகத்தான் போனது.

விழுங்கிய சொல் செரிக்கவில்லை. வெளியேயும் வரவில்லை. உள்ளேயே ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது.

கீரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. மூன்றாவதுக்கு வந்தபோது வெண்டையிடம் நின்றது.

"எனக்காக ஒண்ணும் வேண்டாம். கௌதாரி திரும்பவும் இங்கதான் முட்டை போடுவா. அவகிட்டயாவது சொல்லிடு."

கௌதாரி வந்தது. இந்த இடத்தை நம்பலாமா என்று கேட்டது. நம்பலாம்தான், நம்பாமலும் இருக்கலாம் என்றது வெண்டை. கௌதாரி அங்கேயே முட்டையிட உட்கார்ந்துவிட்டது.

அன்று முதல்தான் மனத்தில் உறுதி இல்லாமல் இரண்டு பக்கமும் பேசுகிறவனை வழவழா கொழகொழா என்கிறோம். கெட்டவன் என்று அர்த்தமில்லை. பொய்யன் என்றும் இல்லை, அதற்கு வேறு சொல் இருக்கிறது. சந்தையிலும் வெண்டைக்காயை யாரும் நம்பி வாங்குவதில்லை. முனையை ஒடித்து, டக்கென்று ஒரு சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அன்றைக்குப் பூசணி அதனிடம் கேட்டதும் அப்படி ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை.