மிச்ச ஆரத்தி

ரைஸ்மில் முதலாளி குழந்தைவேலு தன் காரைத் தரையோடு தரையாக இறக்கி, ஸ்டைலுக்காகச் சக்கரங்களின் மேல்பக்கத்தையும் உள்நோக்கிச் சாய்த்து வைக்கச் சொன்னார். அதிலிருந்து டயர் வெடிப்பதும், டிரைவர் அர்த்தநாரி வெயிலில் ஜாக்கி போடுவதுமே பிழைப்பாகிவிட்டது.

“ஊர்க்கண்ணு பட்டிருக்குடா. திருஷ்டி கழி. இன்னொரு டயர் வெடிச்சா வேலைக்கு வராதே!” என்று மில் ஆட்கள் முன்னால் கத்தினார் முதலாளி.

அலுத்துப்போன அர்த்தநாரி காருக்கு ஆரத்தி சுற்றி, பாதியை வாசலில் ஊற்றி, அதன்மேல் காரை ஓட்டினான். அத்தனை அகலமான டயருக்குத் தரையில் விழுந்த சிவப்புத் தடம் இரண்டு விரல் அகலம்தான், அதுவும் உள்பக்கம் மட்டும்.

“ஊர்க்கண்ணு வெளிப்பக்கம்தானுங்களே படும்? அங்க ரப்பர் புதுசாட்டம் இருக்குது. சாய்ச்சு வெச்சதால உள்பக்கந்தானுங்க தேஞ்சு வெடிக்குது” என்றவன் தட்டைக் கையில் எடுத்தான். “மிச்ச ஆரத்தி இருக்குதுங்க முதலாளி. சாய்க்கச் சொன்னவருக்குச் சுத்திரட்டுங்களா?”