பொக்கிஷ அறை வாசலில் குப்பை வண்டி

செம்பியநல்லூரைச் செண்பகமாறன் என்ற அரசர் ஆண்டபோது, தலைநகரில் மாடத்தி என்றொருத்தி இருந்தாள். ஓட்டைக் குடம், கால் உடைந்த கட்டில், கிழிந்த குடை, எதுவானாலும் அவளுடைய கொட்டகைக்கு வரும். அவளும் தெருக்காரர்கள் நாற்பது பேரும் அதைச் சரிசெய்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். நகரத்துக் குப்பை பாதியாகக் குறைந்திருந்தது.

ஐப்பசி மழையில் கொட்டகையின் கூரை விழுந்துவிட்டது. வேலை நின்றது. குப்பையெல்லாம் கோட்டை அகழிக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்றம் தாங்காமல் முதலைகள் கரையேறிப் படுத்துக்கொண்டன.

மாடத்தி அரசவைக்கு வந்தாள். "அரசே, ஒரு கூரையும் இரண்டு வண்டிகளும் வேண்டும்" என்றாள்.

பொக்கிஷ அதிகாரி தனபூபதி குறுக்கிட்டார். செலவு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வயிறு வலிக்கும்.

"குப்பையில் எதுவுமே வீணில்லை என்று இவள்தானே ஊரெல்லாம் சொல்கிறாள்? கூரைக்கான பணத்தையும் குப்பையிலிருந்தே எடுக்கட்டும்."

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. "சரி. அரண்மனைக் குப்பை முழுவதும் இனி மாடத்திக்கு. விற்றுக் கூரை போட்டுக்கொள்ளட்டும்."

மாடத்தியின் முகம் வாடிவிட்டது. அரண்மனைக் குப்பை என்றால் எச்சில் இலையும் காய்ந்த பூவும்தான். அதை யார் வாங்குவார்கள்?

அவையில் வெள்ளியம்பலம் என்றொருவர் இருந்தார். அரசருக்குப் பேச்சுத் துணையாக இருப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அவர் மெல்ல எழுந்தார்.

"அரசே, எது குப்பை, எது குப்பையில்லை என்று சொல்லிவிட்டால் நல்லது. நாளைக்குச் சண்டை வரக்கூடாது பாருங்கள்."

அரசர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வருஷமாக யாரும் பயன்படுத்தாமல் கிடப்பதெல்லாம் குப்பை. போதுமா?"

"ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிடலாம் அரசே" என்றார் தனபூபதி. "அப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது."

மறுநாள் காலை மாடத்தியும் அவளுடைய ஆட்களும் இரவல் வண்டியோடு வந்தார்கள். வெள்ளியம்பலம் ஓலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அரசர் ஆசைப்பட்டு வாங்கி ஒருநாளும் தொடாத வீணை முதலில் வண்டியேறியது. அடுத்து, தலைக்குள் நுழையாத கிரீடம். அதற்கப்புறம், அரசரின் மாமியார் பரிசளித்த, கண்ணை உருட்டிப் பயமுறுத்தும் மரமயில். அதைத் தூக்க மட்டும் அரசரே ஒரு கை கொடுத்தார்.

பிறகு வண்டி பொக்கிஷ அறை வாசலில் போய் நின்றது. அரசரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார். ஆட்கள் உள்ளே போய் ஒரு பொற்காசுக் குடத்தைத் தூக்கி வந்தார்கள். தனபூபதி தலைதெறிக்க ஓடி வந்தார்.

"அடப்பாவிகளா, அது தங்கம்."

"இருக்கட்டும்" என்றார் வெள்ளியம்பலம். "இந்த ஒரு வருஷத்தில் இதை யாராவது பயன்படுத்தினார்களா?"

தனபூபதி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு வருஷமா? நான் பதவிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே இருக்கும் ஒரு குடத்தையும் ஒருவரையும் தொடவிட்டதில்லை."

"அரசே, கேட்டுக்கொண்டீர்களா?" என்றார் வெள்ளியம்பலம். "ஏற்றுங்கள் அப்பா."

குடம் வண்டியேறியது. தனபூபதியும் பாய்ந்து ஏறி அதைக் கட்டிக்கொண்டார்.

அரசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஓலை என் ஓலைதான், மறுக்க முடியாது. இந்தக் குடம் மாடத்திக்கு. இனி வருஷத்துக்கு ஒரு குடம் போகட்டும். மற்ற குடங்களை மட்டும் எனக்கு விட்டுவிடு வெள்ளியம்பலம்" என்று சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

தனபூபதி பெருமூச்சு விட்டுக்கொண்டே, கட்டிக்கொண்ட குடத்தை விடாமலே வண்டியிலிருந்து இறங்கப் போனார். மாடத்தி தடுத்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. வண்டியேறின எதையும் சரிசெய்யாமல் நாங்கள் திருப்பித் தருவதில்லை."

"இவரைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் அரசர்.

வெள்ளியம்பலம் குடத்தைச் சுற்றியிருந்த தனபூபதியின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"ஒரு மாதமாவது ஆகும் அரசே. கை மடங்கினபடியே துருப்பிடித்திருக்கிறது."