அக்னி மூலையில் ஒரு கீசர்

"ஊருக்கே பைப்பு போட்டவன் நான். என் வீட்டுலயே வெந்நீர் வரமாட்டேங்குதே தங்கச்சி!" என்றார் வேலாயுதம்.

நூர்ஜஹான் அவரைவிடப் பத்து வயசு இளையவள். ஆனாலும் கோத்தகிரி லாட்ஜுகளில் வெந்நீர் மக்கர் பண்ணினால் அவளைத்தான் தேடுவார்கள். வெட்கத்தை விட்டு அவரும் வந்திருந்தார்.

"என்ன செஞ்சு பாத்தீங்கண்ணா?"

"மோட்டார் போட்டேன்."

"அப்புறம்?"

"பச்சத்தண்ணி வேகமா வருது."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை பெற்ற மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். சம்பந்தியம்மா கறாராகச் சொல்லியாகிவிட்டது: "வெந்நீர் வராத வீட்டுல பச்சை உடம்புக்காரியை விடமாட்டேன். கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

நூர்ஜஹான் போய்ப் பார்த்தாள். குளியலறை வீட்டின் இந்தக் கோடியில். கீசர் அந்தக் கோடியில். நடுவே அரை இஞ்சு பைப்பு சுவரேறி, மொட்டைமாடி முழுக்க வளைந்து வளைந்து போய், மறுபடி கீழே இறங்கியது.

"கீசரை ஏண்ணா அங்க வெச்சீங்க?"

"அது அக்னி மூலைம்மா. நெருப்பு அங்கதானே இருக்கணும்?"

அவர் மனைவியிடம் சுடச்சுட ஒரு டீ கேட்டாள். குளியலறைக்குள் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா! டீயை நீங்களே கொண்டாங்க. கீசர்கிட்ட இருந்து கிளம்பி, பைப்பு வர்ற வழியாவே வரணும்!"

டம்ளரும் கையுமாக வேலாயுதம் ஏணி ஏறினார். மாடியில் ஊசிக் குளிர்காற்று. பைப்பு திரும்பிய இடமெல்லாம் திரும்பினார். திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் சிந்தியது. ஒருவழியாக இறங்கி வந்து நீட்டினார்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஆறிப்போச்சு. அதுவும் பாதிதான் இருக்கு."

"இத்தனை தூரம் சுத்தவிட்டா அது எப்படிம்மா..."

பேச்சு பாதியில் நின்றது. வாளிமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

விறுவிறுவென்று போய் ஸ்பேனரை எடுத்தார்.

மனைவி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அக்னி மூலையிலிருந்து எடுக்கறீங்களா?"

"ஏங்க்கா, உங்க பொண்ணு அக்னி மூலையிலயா குளிக்கப்போறா?" என்றாள் நூர்ஜஹான்.

அன்று சாயங்காலமே கீசர் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏறியது. முக்கால் இஞ்சு பைப்பு, இரண்டே முழம், ஒரே ஒரு வளைவு. மோட்டாரைக் கழற்றி மூலையில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தியம்மா காரைவிட்டு இறங்கினார். கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். பின்னாலேயே வேலாயுதம். கைக்குழந்தையோடு மகள் வாசலிலேயே நின்றாள்.

சம்பந்தியம்மா குழாயைத் திருகிக் கையை நீட்டினார்.

கொட்டிய வேகத்தில் புடவை நனைந்தது. குப்பென்று ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அலறினார்:

"அம்மாடி! பச்சத்தண்ணியையும் கொஞ்சம் தொறந்துவிடுங்க சம்பந்தி!"