காலால் படித்த முயல்குட்டி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளக்கரையில் மஞ்சள்மூக்கி என்ற மைனா பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. அதன் மாணவர்களில் பஞ்சு என்ற முயல்குட்டியும் ஒன்று.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. மிருகங்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆற்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. வழியிலே செந்நாய்க் கூட்டம் உண்டு. அவை துரத்தினால் எல்லோரும் சிதறி ஓட வேண்டிவரும். அப்போது ஒவ்வொரு குட்டியும் வழியில் பதுங்குவதற்கென்று உள்ள குகைக்குத் தனியாகவே போய்ச் சேர வேண்டும்.

அதனால் காட்டுத் தலைவியான கரியம்மா என்ற யானை ஒரு கட்டளை போட்டது. "குகைக்கு வழி தெரியாத குட்டியும் அதன் தாயும் இங்கேயே இருந்துகொள்ளட்டும். ஒரு குட்டியைத் தேடப் போய் நாலு பேர் சாகக் கூடாது!"

மஞ்சள்மூக்கி வழியைப் பாடமாக்கிச் சொல்லிக் கொடுத்தது. "மருத மரத்தில் இடப்பக்கம். இரட்டைப் பாறையில் வலப்பக்கம். கரையான் புற்றில் மறுபடி வலப்பக்கம். மூங்கில் புதரில் குனிந்து போ. எதிரே குகை!"

மற்றக் குட்டிகள் பத்தே நாளில் ஒப்பித்துவிட்டன. பஞ்சுவால் மட்டும் முடியவில்லை. இடம் வலமாகும். பாறைக்கு முன்னால் மூங்கில் வந்து நிற்கும். போதாததற்கு அதன் பின்னங்கால்கள் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

"காலை ஆட்டாதே! ஆடாமல் உட்கார்ந்தால்தான் பாடம் காதில் ஏறும்!" என்று மைனா அதட்டும். "உன் மண்டையில் இருப்பது களிமண்ணா?"

பஞ்சு தலையைக் குனிந்துகொள்ளும். இப்படியே நாற்பது நாள் போயிற்று.

ஒரு மாலை மஞ்சள்மூக்கி கூட்டுக்குத் திரும்பும்போது கீழே பார்த்தது. வழுக்கன் என்ற நீர்நாயும் பஞ்சுவும் மணலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன. மைனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

'பாடம் வராதவனுக்கு விளையாட்டு ஒரு கேடா?' என்று திட்டுவதற்கு வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

மணலில் ஒரு மருத இலை கிடந்தது. அப்பால் இரண்டு கல், ஒரு மண்குவியல், ஒரு மூங்கில் குச்சி. பஞ்சுவின் இடது முன்னங்காலில் மட்டும் சேறு பூசியிருந்தது.

"மருத மரம்!" என்று கத்தியது வழுக்கன்.

"சேற்றுக்கால் பக்கம்!" என்று பஞ்சு தாவியது.

"இரட்டைப் பாறை!"

"வெறுங்கால் பக்கம்!"

ஒரு தடவைகூடத் தவறவில்லை. மஞ்சள்மூக்கி மெதுவாகக் கீழே இறங்கியது.

"நாற்பது நாளாக நான் சொல்லியும் வராத பாடம் இது. நீ எப்படிச் சொல்லிக் கொடுத்தாய்?"

வழுக்கன் மீசையைத் துடைத்துக்கொண்டது. "நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன் டீச்சரம்மா? நாலைந்து நாளாக விளையாடுகிறோம். சும்மா உட்கார்ந்தால் இவனுக்குக் காலில்தான் கவனமெல்லாம். அதனால் காலுக்கே சொல்லிவிட்டேன்."

மறுநாள் மைனா, உற்சாகம் தாங்காமல், எல்லாக் குட்டிகளையும் குதிக்கச் சொன்னது. ஆமைக்குட்டி ஒரு தடவை எம்பியது. மல்லாக்க விழுந்தது.

"எனக்குக் கேட்டாலே மனப்பாடம் ஆகிவிடும் டீச்சரம்மா! என்னை எதற்குக் கவிழ்க்கிறீர்கள்?" என்று அது அழுதது.

மைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆமையை நிமிர்த்தி நிழலில் உட்காரவைத்துவிட்டு, பஞ்சுவோடும், குதிக்க ஆசைப்பட்ட வேறு இரண்டு குட்டிகளோடும் மணலுக்குப் போயிற்று.

பரீட்சை நாள் வந்தது. ஒவ்வொரு குட்டியாகப் பாறைமேல் உட்கார்ந்து ஒப்பித்தது. பஞ்சுவின் முறை வந்தபோது அதன் தாய் கண்ணை மூடிக்கொண்டது.

"மருத மரத்தில் வல... இல்லை, மூங்கில்..." பஞ்சுவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தேறாது! அடுத்த குட்டியைக் கூப்பிடுங்கள்!" என்று உறுமியது, கரியம்மாவோடு பரீட்சை பார்க்க வந்திருந்த காட்டுப்பன்றி.

மஞ்சள்மூக்கி பாறைக்கும் பன்றிக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. "பொறுங்கள்! இவனை மக்கு என்று நாற்பது நாள் சொன்னவள் நான். தப்பு என்னுடையது. இவனை உட்காரவைத்துக் கேட்காதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள்!"

"இதென்ன, பரீட்சையா கூத்தா?" என்றது பன்றி.

"செந்நாய் துரத்தும்போது இவன் உட்கார்ந்து ஒப்பிக்கப் போகிறானா, ஓடப் போகிறானா?" என்று மைனா கேட்டது.

கரியம்மா காதை ஒருமுறை வீசியது. "சரி. நிஜமான வழியிலேயே ஓடட்டும். பின்னால் நான் வருகிறேன். மைனாவே, நீ வாயைத் திறக்கக் கூடாது!"

இடது முன்னங்காலில் சேற்றைப் பூசிக்கொண்டு பஞ்சு ஓடியது. மருத மரத்தில் இடப்பக்கம். இரட்டைப் பாறையில் வலப்பக்கம். கரையான் புற்றுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. காலைத் தூக்கிப் பார்த்தது. சேறு காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது!

மேலே மஞ்சள்மூக்கி பறந்து வந்துகொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

பஞ்சு நின்ற இடத்திலேயே மணல் விளையாட்டை முதலிலிருந்து குதித்துப் பார்த்தது. முதலில் இந்தப் பக்கம் ஒரு தாவல், பிறகு அந்தப் பக்கம் ஒரு தாவல். மூன்றாவது தாவலைக் கால் தானாகப் போட்டது. வலப்பக்கம்! அவ்வளவுதான், மூங்கிலுக்கு அடியில் நுழைந்து குகைக்குள் போய் நின்றது.

"வந்துவிட்டேன் டீச்சரம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

கரியம்மா தும்பிக்கையால் முயல்குட்டியைத் தடவிக் கொடுத்தது. "இவனும் இவன் தாயும் நம்மோடு வருகிறார்கள்" என்று அறிவித்தது.

மூன்றாம் நாள் விடியலில் எல்லோரும் ஆற்றுக்குப் புறப்பட்டார்கள். பஞ்சுவுக்கு இடம், வலம் என்ற வார்த்தைகள் அதற்குப் பிறகும் குழம்பத்தான் செய்தன; வழி ஒருநாளும் குழம்பவில்லை.

ஒருவருக்குக் காதால் ஏறும் பாடம் இன்னொருவருக்குக் காலால் ஏறும். அது எதனால் ஏறும் என்று கண்டுபிடிப்பது கற்றுக்கொடுப்பவரின் வேலை.