சாமியின் முழங்கால் சூடு

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் வருகிற மார்கழியில் என் முட்டி மடங்காமலே போகட்டும்.

ஊசிமலை மடத்தில் அந்த வருஷம் அப்படியொரு குளிர். அடுப்படிப் புகை கூரைக்கு மேலே ஏறியதும் உறைந்துபோய் தூணாக நின்றுவிட்டது. அதில் கொடி கட்டி வேட்டி உலர்த்தினார்கள்.

மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலை எல்லாரும் மண்டபத் தரையில் உட்கார்ந்து தியானம் செய்வார்கள். மணி அடித்ததும் சாமியைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட வேண்டும். சாமி மட்டும் சமாதியில் இருப்பார். வெயில் வந்து மடியில் விழும்வரை அசையமாட்டார். பிறகு கும்பிட வருகிறவர்கள் அவர் முழங்காலைத் தொட்டால் சுடும். தபசின் கனல் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பொன்னுரங்கம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலமெல்லாம் நின்றே கழித்தவர், இனியாவது உட்காரலாம் என்று மடத்தில் சேர்ந்தார். சாமியைவிட வயதில் மூத்தவர். குளிர் வந்ததும் முட்டிகள் பூட்டிக்கொண்டன. சாமியைப் போல அசையாமல் உட்காரத் தனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று முடிவுகட்டி, பையைக் கட்டிவிட்டார். அன்றைய தியானம் முடிந்ததும் பால் ஜீப்பில் இறங்கி மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

மணி அடித்தது. எல்லாரும் போய்விட்டார்கள். பொன்னுரங்கம் தூணைப் பிடித்து இழுத்தார். தூண்கூட வந்துவிடும் போலிருந்தது, முட்டி வரவில்லை.

"யாரது?" என்றது சமாதி.

"பொன்னுரங்கம், சாமி."

"போகலையா?"

"எழுந்திரிக்க முடியல சாமி. முட்டி புடிச்சிக்கிச்சு."

போர்வைக்குள் சாமி சிரித்தார்.

"துணைக்கு ஆள் கிடைச்சாச்சு கண்டக்டரே. எனக்கும் அதேதான்."

பொன்னுரங்கம் வழக்கத்தை மறந்து திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சமாதி?"

சாமி போர்வையை விலக்கினார். இரண்டு முழங்காலிலும் துணி முடிச்சு.

"வறுத்த உப்பு. நீங்கல்லாம் எழறதுக்கு முன்னாடி நானே வறுத்துக் கட்டிக்குவேன். அது ஆறினா வெயில் பாத்துக்கும்."

"இதச் சொல்லியிருக்கலாமே சாமி! ஊரே கும்பிடுது."

"சொன்னேனே. 'குளிருக்கு முட்டி புடிக்குது'ன்னேன். அதுக்கு உள்ளர்த்தம் தேடிக்கிட்டுப் போயிட்டாங்க."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"கூப்பிட்டா தூக்கிட்டுப் போய் ஏத்திவிடுவாங்க," என்றார் சாமி. "கூப்பிடவா?"

பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தார், பிறகு சாமியின் முழங்கால் முடிச்சைப் பார்த்தார்.

சாமி ஒரு முடிச்சை அவிழ்த்துத் தரையில் உருட்டிவிட்டார். "முட்டி மேல வைங்க. காலை மெதுவா நீட்டுங்க. முதல்ல கட்டைவிரலை மட்டும் ஆட்டுங்க. அப்புறம் மத்த விரல், அப்புறம் கணுக்கால். முட்டிகிட்டக் கடைசியாத்தான் போகணும். அது முரண்டு பிடிச்சா நீங்க முரண்டு பிடிக்காதீங்க."

பொன்னுரங்கம் ஆட்டினார். எதிரே போர்வைக்கு வெளியே சாமியின் கட்டைவிரலும் ஆடியது.

"வலி எப்ப போகும் சாமி?"

"மாசியில கொஞ்சம் குறையும்."

"அதுக்கப்புறம்?"

"மறுபடி மார்கழி வரும்."

ஹாரன் இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. ஜீப் வளைவில் இறங்கிப் போகிற சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இத்தனை வருஷமா இங்க உக்காந்து நீங்க என்னதான் சாமி பண்றீங்க?"

"எழுந்திரிக்கிறேன்," என்றார் சாமி. "ம், அடுத்த விரல்."

இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மண்டபத்தில் இருந்ததே இரண்டு பேர். தான் சொல்லவில்லை என்பது சாமிக்கு நன்றாகத் தெரியும்.