நிற்க வைத்து எடுத்த படம்

கொங்குச் சீமையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுற்றுவட்டாரத்தில் யார் எங்கே விழுந்தாலும், எந்த மூட்டு வீங்கினாலும், அந்த எலும்பின் படம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு திரைக்கு முன்னால் டாக்டர் சபூராவும் அவரிடம் படிக்க வந்த டாக்டர் அர்த்தனாரியும் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த இருவரில் குரு சபூரா. வயதில் மூத்தவர் சீடர். அர்த்தனாரிக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனிமேல் படம் பார்க்கும் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று இடம் வாங்கி வந்தவர்.

இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்று கேட்டால் அவர் மறைக்கமாட்டார்.

"ஆளுக அழுவாங்க, புளுகுவாங்க, சண்டைக்கு வருவாங்க. படம் வாயத் தொறக்காதுங்க மேடம். அதான் இங்க வந்துட்டேன்."

சபூரா சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் திறந்தார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் கோளாறு எதுவும் இல்லையென்றால் டாக்டர் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். 'எலும்புகளும் மூட்டுகளும் இயல்பாக உள்ளன' என்ற வாசகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அர்த்தனாரியின் விரலுக்கு அந்தப் பொத்தான் நன்றாகப் பழகியிருந்தது. தேநீர் வருவதற்குள் காலைப் படங்களை முடித்துவிடுவார். அதற்காக அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. மயிரிழை விரிசலைக்கூட விடாத கண் அவருக்கு. அந்தக் கண்ணின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கைதான் கொஞ்சம் கூடுதல்.

ஒரு நாள் ஒரு வலது பாதத்தின் படம் வந்தது. 'கீழே விழுந்தார், முறிவு உண்டா?' என்று எலும்புப் பிரிவிலிருந்து கேட்டிருந்தார்கள். அர்த்தனாரி ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பொத்தானைத் தட்டினார். சபூராவும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சில நாளில் அதே பாதம் திரும்பி வந்தது. 'வலி குறையவில்லை, மறுபடி பார்க்கவும்.' மறுபடியும் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

அன்று மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஒரு பெண்மணி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றிருந்தார். மறு கையில் ஒற்றைச் செருப்பு.

"ஏனுங், கால் படம் பாக்கற டாக்டரு நீங்கதானுங்களா?"

"எலும்பு டாக்டர்கிட்டப் போகோணும்மா. இங்க நாங்க ஆளுகளப் பாக்கறதில்ல."

"அங்கதானுங் சொன்னாங்க. படம் பாக்கறவரு ஒண்ணுமில்லீன்னு எழுதீட்டாரு, நாங்க என்ன பண்றதுன்னு. அதான், எழுதுனவரயே பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்."

அவர் பெயர் ருக்மணி. நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முழுக்க மிஷின் முன்னால் நின்று, அறுகிற நூலையெல்லாம் முடிந்துகொண்டே இருக்க வேண்டும். போன வாரம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முன்பாதம் படியில் மாட்டி மடங்கிவிட்டது. அன்றிலிருந்து வலது காலை ஊன்ற முடியவில்லை.

"சூப்பர்வைசரு திங்கக்கெழம வரச் சொல்றாருங். டாக்டரு சீட்டுல ஒண்ணுமில்லீன்னு இருக்குது, வந்து நில்லு, இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறேங்கறாரு. நின்னாத்தானுங் எங்கூட்டுல சோறு. நான் நிக்கறதுக்குத் தயாருங். காலு நிக்க மாட்டீங்குது."

"ரெண்டு தடவ எடுத்துப் பாத்தாச்சும்மா. படத்துல ஒண்ணுமில்ல."

"படத்துல இல்லீன்னா காலுல இல்லீன்னு ஆயிருங்களா?"

அர்த்தனாரிக்குச் சுருக்கென்றது. எதை விட்டு ஓடி வந்தாரோ அது இங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

"வெளிய பெஞ்சுல உக்காரும்மா. பேசிட்டுச் சொல்றேன்."

"உக்காந்துக்கறேனுங். ஆனா போகமாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டு அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா மேடம்? லீவுக்கு நடிக்குதோ என்னமோ. படம் இல்லைங்குது, அந்தம்மா இருக்குதுங்குது. ரெண்டுல எதைத்தானுங்க நம்பறது?"

சபூரா எழுந்து போய் அறை விளக்கைப் போட்டார். அந்த அறையில் பகலில் விளக்கெரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அர்த்தனாரிக்குக் கண் கூசியது.

"வாங்க டாக்டர்."

"எங்கீங்க மேடம்?"

"நடிக்கறாங்களோன்னு சொன்னீங்களே. பாத்துட்டு வரலாம்."

நடைபாதையில், பெஞ்சுக்கு முன்னால், சபூரா தரையிலேயே குந்தி உட்கார்ந்தார். ருக்மணி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். சபூரா விடவில்லை. பாதத்தை எடுத்துத் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். மேல்பக்கம் லேசான வீக்கம். கால் மடங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது இருக்கும். பிறகு அவர் பாதத்தை மெல்லத் தூக்கி, அடிப்பக்கத்தை அர்த்தனாரிக்குக் காட்டினார்.

பாதத்தின் வளைவில், நட்டநடுவில், நாவல் பழம் நசுங்கியதுபோல ஒரு கன்றல்.

"இது எப்ப இருந்து இருக்குதும்மா?"

"விழுந்த மறுநா காலைல இருந்துங். எல்லாரும் மேலதானுங் அமுக்கிப் பாத்தாங்க. அடிப்பாதத்த ஆரும் திருப்பிப் பாக்கலீங்."

அர்த்தனாரி குனிந்து பார்த்தார். இது என்னவாக இருக்கலாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாதத்தின் நடுவில் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அறுந்தால் அடியில் இப்படிக் கன்றிப்போகும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய சங்கதி. கவனிக்காமல் நடக்கவிட்டால் பாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தட்டையாகிவிடும். அப்புறம் இந்த மில் இல்லை, எந்த மில்லிலும் நிற்க முடியாது. அவரோ, வந்து நில் என்று சொல்வதற்கு சூப்பர்வைசர் கையில் சீட்டே கொடுத்திருந்தார்.

"ஆனா மேடம், படத்துல எலும்பெல்லாம் அதது எடத்துலதான இருந்துச்சு? நான் நல்லாப் பாத்தேனுங்களே."

"நானும் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க பாத்ததுல தப்பில்ல."

"அப்புறம் எப்படீங்க?"

சபூரா ருக்மணியின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"படம் எடுக்கும்போது வலிச்சுதாம்மா?"

"இல்லீங். மேசை மேல உக்கார வெச்சு, கால நீட்டச் சொல்லி எடுத்தாங்க. அப்ப வலிக்கலீங்."

"எப்ப வலிக்குது?"

"எந்திரிச்சு நின்னா உசுரு போகுதுங்."

அர்த்தனாரி மறுபடி அந்தக் கன்றலைப் பார்த்தார்.

"நிக்க வெச்சு எடுக்கணும்மா," என்றார் சபூரா. "ரெண்டு காலுக்கும் சரிபாதியா பாரம் குடுத்து நிக்கணும். ரொம்ப வலிக்கும், அத மறைக்க மாட்டேன். முடியாதுன்னா சொல்லுங்க, பெரிய ஸ்கேனுக்கு எழுதித் தர்றேன். ஆனா அதுக்கு வரிசைல காத்திருக்கணும்."

"திங்கக்கெழமைக்குள்ள ஆயிருங்களா?"

"ஆகாது."

"அப்ப நிக்கறேனுங்."

எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் தயங்கினார். தரையில் படம் பதியும் தட்டை வைத்துவிடலாம், மேலிருந்து எடுத்தும் விடலாம், ஆனால் இந்த அம்மா விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார். சபூரா ஆணியில் தொங்கிய, கதிர் படாமல் காக்கும் ஈயக் கோட்டை எடுத்து அர்த்தனாரியிடம் நீட்டினார்.

ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்தவர் அவர். இங்கே படிக்க வந்த பிறகு ஒரு படம் எடுக்கப்படும்போது ஒருநாளும் பக்கத்தில் நின்றதில்லை. கோட்டு தோளை அழுத்தியது. ருக்மணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ருக்மணி தட்டின் மேல் ஏறினார். டெக்னீஷியன் சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போகப் பார்த்தார்.

"இருங்க," என்றார் அர்த்தனாரி.

உடம்பு முழுவதும் இடது காலில் இருந்தது. வலது கால் தட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"அம்மிணி, அந்தக் காலையும் ஊனோணும்."

"ஊனுனா வலிக்குமுங்."

"தெரியும் அம்மிணி." அவர் பிடியை இறுக்கினார். "ஊனாம எடுத்தா, மறுபடியும் ஒண்ணுமில்லீன்னுதான் வரும். எம்மேல சாஞ்சுறாம நில்லு. கைய மட்டும் புடிச்சுக்க. எவ்வளவு இறுக்கமா வேணாப் புடிச்சுக்க."

ருக்மணி பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை ஊன்றினார். பாரம் இறங்க இறங்க அவர் விரல்கள் அர்த்தனாரியின் மணிக்கட்டில் பதிந்தன. மேலுதட்டில் வியர்வை பூத்தது. கால் நடுங்கியது. அர்த்தனாரிக்கு அவமானமாக இருந்தது, அந்தப் பெண் மேல் சொல்ல முடியாத மதிப்பும் வந்தது. போதும், விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"இன்னும் ஊனறேனுங்," என்றார் ருக்மணி. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டெக்னீஷியனைப் பார்த்துக் கத்தினார். "எடுங்க!"

எடுத்தார்கள்.

திரையில் இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இடது பாதத்தின் நடுவில் முதல் எலும்பும் இரண்டாம் எலும்பும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. வலது பாதத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. படிக்காதவர்கூட விரல் வைத்துக் காட்டிவிடலாம், அவ்வளவு தெளிவு. நீட்டி வைத்திருந்தபோது ஒன்றும் தெரியாதவைபோல ஒட்டிக்கிடந்த எலும்புகள், பாரம் ஏறியதும் பிரிந்துவிட்டிருந்தன.

அர்த்தனாரி அறிக்கையைத் தன் கையாலேயே முழுதாக அடித்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, எழுந்து வெளியே போனார்.

"அம்மிணி, உள்ள நார் அறுந்திருக்குது. ஆபரேசன் பண்ணி ஸ்க்ரூ போட்டு இழுத்துக் கட்டோணும். சில மாசத்துக்கு அந்தக் கால ஊனவே கூடாது. சரியானதும் நிக்கலாம்."

"படத்துல தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது."

ருக்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆபரேசனுக்குப் பயந்து அழுகிறார் என்று அர்த்தனாரி நினைத்தார்.

"அதுக்கில்லீங் டாக்டரு. எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சுங், நெசமாலுமே நடிக்கறனோன்னு."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை வருட வைத்தியத்தில் யார் திட்டியும் அவருக்கு இப்படி வலித்ததில்லை.

"தப்பு என்னோடது அம்மிணி. மில்லுக்கு நானே எழுதித் தாரேன்."

"எழுதிக் குடுங்க. அவரு ஒத்துக்குவாரோ மாட்டாரோ." ருக்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "காலு நல்லா ஆகட்டும். இங்க இல்லீன்னா வேற மில்லு இருக்குது. நிப்பேனுங்."

அர்த்தனாரி அறைக்குத் திரும்பி வந்தார். சபூரா அடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு முதியவரின் இடுப்பு. அர்த்தனாரி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"மொதல் ரெண்டு படமும் பொய் சொல்லீருச்சுங்களே மேடம்."

"இல்லையே. உக்காந்திருந்த காலத்தானே காட்டுச்சு. அதுக்கு ஒண்ணுமில்லைதான்."

அர்த்தனாரி தலையாட்டினார். ஆனால் அவரை உறுத்தியது வேறொன்று.

"நிக்க வெச்சு எடுத்ததுலயும் ஒண்ணும் தெரியாமப் போயிருந்தா? அந்தம்மா அவ்வளவு வலியத் தாங்கி நின்னும் படம் சுத்தமா இருந்திருந்தா, அப்ப நீங்க என்னன்னு எழுதியிருப்பீங்க?"

சபூரா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"'வலி இருக்கிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை'ன்னு எழுதியிருப்பேன்."