நறுமுகைக்கு ஒரு கேக்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. இப்படியும் நடக்கும்.

சீடரின் பெயர் குப்புராஜ். கோயமுத்தூரில் ஒரு பெரிய பேக்கரியில் முப்பத்துநாலு வருடம் கேக் போட்டவர். பேக்கரியில் அடுப்படிக்காரரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகும் அவர் தெருவில் பால்காரர் வரைக்கும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. சிங்காநல்லூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் சின்ன சமையலறை வைத்திருந்தார். முட்டையும் பாலும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அங்கே கேக் செய்து கொடுத்தார்.

"மாஸ்டருக்கு நான் என்னங்க சொல்லித் தர?" என்று முதல் நாள் கேட்டார்.

"எதிர்வீட்டுல ஒரு புள்ளை இருக்குதுங்க டீச்சர். நறுமுகைன்னு பேரு. போன பொறந்தநாளுக்கு நானே கேக் போட்டு எடுத்துட்டுப் போனேன். அவங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாங்க மாமான்னுட்டாங்க. முட்டை, பால் ரெண்டுமே அதுக்கு ஆகாதாமா. ஒருக்கா யாரோ ஒரு ஸ்பூன் பாயசம் குடுத்து, மூச்சடைச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரி."

"சரி."

"ஊருக்கெல்லாம் கேக் போட்டவனுங்க. எதிர்வீட்டுப் புள்ளைக்குப் போட முடியல. வெக்கமா இருக்குது."

ஜெசிந்தா மறுநாளே வரச் சொன்னார்.

அந்தச் சமையலறைக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. வெளியிலிருந்து எந்தச் சாமானும் உள்ளே வரக்கூடாது. டிபன் பாக்ஸ்கூட மாடிப்படியிலேயே நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்தவர் வாய் கொப்பளித்து, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும். குப்புராஜ் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை. மைதா, சர்க்கரை, கோகோ, எண்ணெய், தண்ணீர். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் மாவு பொங்கும். அது அடங்குவதற்குள் ஓவனில் வைத்துவிட வேண்டும். குப்புராஜுக்கோ மாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. அரை மணி நேரம் அடித்தே பழகிய கை. முதல் நாலு கேக்கும் செருப்பு அட்டை போல வந்தன.

"அடிக்காதீங்க மாஸ்டர். கலந்தா போதும்."

"கலந்தா கேக் ஆயிருமாங்க?"

"ஆகும். அதை விட்டுட்டா."

ஆறாவது வாரம் அவருக்கு அது பிடிபட்டது. நறுமுகைக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள் வருவார்கள். இந்த முறை எல்லோருக்கும் ஒரே கேக். அதை மாமாதான் செய்ய வேண்டும் என்று நறுமுகையின் அம்மா வினோதினியே கேட்டிருந்தார்.

அன்று காலை ஜெசிந்தா பக்கத்துத் தெருவுக்கு ஒரு கேக் கொடுக்கப் போயிருந்தார். நறுமுகையின் கேக்கைக் குப்புராஜ் தனியாகச் செய்தார். பதினொன்றரைக்கு கேக் ஓவனிலிருந்து வெளியே வந்தது. உப்பி, வெடிப்பில்லாமல், விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி எழுந்தது. குப்புராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் கேக்கைத் தானே இப்படிப் பார்த்து அவருக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்தார். கேக்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேடையின் ஓரத்தில் கிடந்த பிரஷைப் பார்த்தார். மரக் கைப்பிடி வைத்த பழைய பிரஷ். கைப்பிடியில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க. முப்பது வருசத்துப் பிரஷ். ராசியானது. அந்தப் புள்ளைக்குப் போடற மொதல் கேக்காச்சேன்னு, கேக் ஊத்தற தகரத்துக்கு எண்ணெய் தடவ மட்டும் எடுத்துட்டு வந்தேன். மூணு தடவை வெந்நீர்ல போட்டுத்தான்…"

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. கட்டளை அவருக்கு மறந்துபோகவில்லை. அதைச் சாமான் என்றே அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். சாமி படத்தை யாராவது சாமான் என்று சொல்வார்களா?

ஜெசிந்தா திட்டவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். பிரஷை அதில் நிறுத்தினார். இருவரும் நின்றபடி பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில், பிரஷின் மயிரைக் கைப்பிடியோடு இறுக்கியிருந்த பித்தளைப் பூணுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு மேலே வந்தது. பிறகு இன்னொன்று. வெண்ணெய் வாசம் மெல்ல எழுந்தது.

குப்புராஜ் டம்ளரைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். முப்பது வருடத்து பன்களுக்கு அவர் முட்டை தடவியதும் அதே பிரஷால்தான்.

"டீச்சர், தகரத்துலதானுங்களே தடவுனேன்? ஓரத்தையும் அடியையும் சீவிட்டா நடுவுல ஒண்ணும் இருக்காதுங்களே?"

ஜெசிந்தா கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சீவுங்க. எவ்வளவு சீவினா போதும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

குப்புராஜ் ஓரத்தை மெல்லிசாகச் சீவினார். பார்த்தார். இன்னும் ஒரு விரல் அகலம் எடுத்தார். மறுபடி பார்த்தார். கேக்கைத் திருப்பி அடியைச் சீவினார். மறுபடி ஓரம். துண்டுகள் மேடையில் குவிந்தன. நறுமுகை வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் சீவினார். உள்ளங்கை அளவுக்கு வந்தபோதும் கத்தி எங்கே நிற்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கத்தியைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வந்தது.

"மணி பன்னெண்டுதான் ஆகுது மாஸ்டர்" என்றார் ஜெசிந்தா.

சீவிய கேக்கும் துண்டுகளும் கீழே பட்டறைக்குப் போயின. ரெண்டே நிமிஷத்தில் தட்டு காலியாக மாடிப்படிக்குத் திரும்பி வந்தது. "மாஸ்டர் கேக்குன்னா சும்மாவா!" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். பிரஷும் மாடிப்படிக்குப் போனது.

குப்புராஜ் மேடையை மூன்று முறை கழுவினார். புதுத் தகரம், புதுக் கரண்டி, புதுத் துடைதுணி. சட்டையை மாற்றினார். கைகளை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். பிறகுதான் மாவை அளந்தார்.

அவசரத்தில் ஓவன் சூடு கூடிவிட்டது. ரெண்டாவது கேக் நட்ட நடுவில் பிளந்துகொண்டு வந்தது. பூ வைக்கவும் பெயர் எழுதவும் நேரமில்லை. பொடித்த சர்க்கரையைத் தூவினார். அதிலும் பிளவு மறையவில்லை.

"இதுவா என் கேக்கு?" என்றார்.

ஜெசிந்தா பெட்டியை மூடினார்.

ஆட்டோவில் போகும்போது குப்புராஜ் மெதுவாகக் கேட்டார். "காலையில நடந்ததை வினோதினி அம்மிணிகிட்டச் சொல்லணுமாங்க? இதுலதான் ஒண்ணும் இல்லையே. சொன்னா பயந்துக்கும். அப்புறம் எப்பவும் என்கிட்ட வாங்காது."

"கேக் உங்களோடது மாஸ்டர்."

ஜெசிந்தா பெட்டியை அவர் மடிக்கு நகர்த்தினார்.

வாசலில் வினோதினி பெட்டியை வாங்கக் கை நீட்டினார். குப்புராஜ் கொடுக்கவில்லை.

"அம்மிணி, ஒரு விசயம் சொல்லிப்போடறேன். காலையில ஒரு கேக் போட்டேன். பழைய பிரஷ் ஒண்ணை எடுத்துத் தடவிட்டேன். வெண்ணெயும் முட்டையும் பட்ட பிரஷ். டீச்சர் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. அதைக் குடுக்கல. இது ரெண்டாவது."

வினோதினியின் முகம் மாறிப்போனது.

"தகரம்?"

"புதுசு."

"கரண்டி?"

"அதும் புதுசு."

"உங்க சட்டை மாமா?"

"மாத்திட்டேன் அம்மிணி."

அவர் குப்புராஜையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு குழந்தைகளும் மேசையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். வினோதினி மகளுக்குப் பின்னால் போய் நின்றார். எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் அவர் நிற்கிற இடம் அதுதான். கேக்கை அவர் பார்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அம்மா, இது எனக்கு ஆகுமா?"

"ஆகும் பாப்பா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

நறுமுகை வெட்டினாள். முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டினாள். அம்மா அவளுக்கு ஊட்டினார். அதற்குள் பக்கத்திலிருந்த ஒரு பொடியன், பல் விழுந்தவன், கை முழுக்கக் கேக்கைப் பிசைந்து எடுத்து நறுமுகையின் வாய்க்கு நேராக நீட்டினான்.

வினோதினியின் கை பழக்கத்தில் பாய்ந்து எழுந்தது. பாதியில் நின்றது. இறங்கியது.

நறுமுகை வாயைத் திறந்தாள். பொடியன் திணித்தான். அப்புறம் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தன். ஆளுக்கு ஆள் ஊட்டினார்கள். மூக்கில் கேக், தலைமுடியில் கேக். பிளந்த கேக்கா பிளக்காத கேக்கா என்று பார்க்க அங்கே ஆளில்லை. நறுமுகை மூச்சு முட்டச் சிரித்தாள்.

வினோதினி ரெண்டடி பின்னால் வந்தார். சுவரோரம் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

குப்புராஜ் வாசற்படியிலேயே நின்று தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"ம்."

"கேக் நல்லாருக்குன்னு ஒருத்தருகூடச் சொல்லலைங்களே."

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"அங்க பாருங்க மாஸ்டர். அவங்கம்மா உக்காந்துட்டாங்க."